கிளஸ்டர் டவுன் சார்! ஓசூர் ஓ.பி.யிலிருந்து ஒரு த்ரெட்

1/ நான் ஓசூர்ல அரசு டாக்டர். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போற பசங்க தூக்கமில்லாம, படபடப்போட ஓ.பி.க்கு வருவாங்க. "நைட் ஆன்-கால் சார், கிளஸ்டர் டவுன்." அவங்ககிட்ட கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

2/ கண்டெய்னர்னா செயலியும் அதுக்குத் தேவையானதும் சேர்ந்த ஒரு பொட்டலம். எது எந்த சர்வர்ல ஓடணும், ஒண்ணு விழுந்தா மாத்து எதுன்னு பார்க்கிறது குபர்நெட்டிஸ். கூகுள் 2014ல் வெளியிட்டது. டியூட்டி லிஸ்ட் போடுற ஹெட் சிஸ்டர்னு வச்சுக்கோங்க.

3/ அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் இந்த ஹெட் சிஸ்டரை வாடகைக்குத் தர்றாங்க. கன்சோல்ல மும்பையோ வேற ஊரோ, எத்தனை நோடுன்னு தேர்ந்தெடுத்து 'கிரியேட்' அழுத்தினா கொஞ்ச நேரத்துல கிளஸ்டர் ரெடி.

4/ ஆனா யாரை உள்ளே விடணும்ங்கிறது நம்ம பொறுப்பு. டெஸ்லாவோட குபர்நெட்டிஸ் கன்சோலுக்குப் பாஸ்வேர்டே இல்லாம, வெளியாட்கள் புகுந்து கிரிப்டோ மைனிங் ஓட்டினது 2018ல் வெளியே வந்தது.

5/ நமக்கென்னன்னு விடாதீங்க. உங்க லேப் ரிப்போர்ட்டும் கிளவுடுக்குப் போற காலம் இது. வார்டுல மார்ஃபின் அலமாரி சாவி யார் கையிலன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கும். இதுக்கும் அதே ஒழுங்கு வேணும்.

6/ தம்பி, தங்கச்சிகளே: ஆளுக்கொரு லாகின், கூடவே ஓ.டி.பி. வேலையை விட்டவருக்கு அன்னைக்கே அனுமதி கட். கியூப்கான்ஃபிக் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பவே கூடாது.

7/ கடைசியா ஒண்ணு. விழுந்த கண்டெய்னருக்கே மாத்து ஆள் உண்டு. ராத்திரி ஆன்-காலை மட்டும் ஒருத்தர் தலையிலேயே கட்டாதீங்க.