மணல் நாட்டில் ஒரு கல்

கும்பகோணத்திலிருந்து தெற்கே புறப்பட்டு, அரசலாற்றைத் தாண்டிப் பல வாய்க்கால்களையும் கடந்து சென்றால், குடமுருட்டியாற்றங்கரையில் வலங்கைமானை அடைகிறோம். மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் 1869இல் பிறந்த ஊர் இது. இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எத்திசை நோக்கினும் நெல்வயல்கள். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஒரு பாறையும் இல்லை. இந்நாடு முழுவதும் காவிரித்தாய் கொணர்ந்து பரப்பிய வண்டலும் மணலுமே. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோவிலுக்கும் கருங்கல் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது.

பாறைமீது வீடு கட்டிய அறிவாளியையும் மணல்மீது கட்டிய அறிவிலியையும் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை மத்தேயு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பாறையே இல்லாத நாட்டில் வாழும் நம் குடும்பங்கள் என் செய்வது? இவ்வினாவுக்கு ஆற்றங்கரையே ஒரு விடை தருகிறது.

கரை எவ்வாறு உடைகிறது என்பதை முதலில் அறிவோம். ஆறு வளையுமிடத்தில், வளைவின் வெளிப்புறத்தில் நீர் விரைந்தோடி, கரையின் அடிக்காலை அரிக்கிறது. மேலே நாணலும் புல்லும் பசுமையாகவே நிற்கும். கீழே மண் கரைந்துகொண்டிருக்கும். வெள்ளத்தின்போது நிற்கும் கரை, வெள்ளம் வடிந்தபின் சரிவதும் உண்டு. நீரில் ஊறிக் கனத்த மண்ணுக்கு அதுவரை முட்டுக்கொடுத்த ஆற்றுநீர் திடீரென இறங்கிவிடுவதே காரணம்.

ஆகவே கல்லிட்டுக் காப்போர் கீழிருந்தே தொடங்குகின்றனர். செங்குத்தான கரையைச் சாய்வாகச் சீர்செய்து, சிறு சல்லியும் மணலும் பரப்பி, அதன்மேல் கருங்கல்லை அடுக்குவர். அந்தச் சல்லிப் படுகை இல்லையேல், கற்களின் இடைவெளி வழியே மண் கசிந்து வெளியேற, கல் உள்வாங்கிவிடும். உருண்ட கல் உதவாது. முனையுள்ள உடைகல்லே ஒன்றையொன்று பற்றி நிற்கும். அடிக்காலில் மட்டும் கல்லைத் தாராளமாகக் குவிப்பர். ஆறு அவ்விடத்தை மேலும் தோண்டினால், அக்கற்கள் தாமே சரிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும்.

இவ்வித்தையின் மூத்த பாடசாலையைக் காண ஆற்றின் மேற்றிசையில் பயணம் செய்ய வேண்டும். குடமுருட்டி காவிரியிலிருந்து பிரியும் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலேயே பூண்டி மாதா திருத்தலம் உள்ளது. மாதாவைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், இன்னும் சற்று மேற்கே சென்று கல்லணையையும் காணலாம். கரிகால் சோழன் கட்டியதாக மரபு கூறும் அவ்வணை, பாறைமீது நிற்கவில்லை. ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டனர், அவை அமிழ்ந்தன, மேலும் இட்டனர், அமிழ்ந்த கற்களே பின்வந்த கற்களுக்கு அடித்தளமாயின. 1830களில் இங்குப் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழங்காணா மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைப் பழந்தமிழரிடமே கற்றதாக எழுதினார்.

அவர் காலத்தில், 1836இல், எழுந்த முக்கொம்பு மேலணையில் 182 ஆண்டுகளுக்குப் பின், 2018 ஆகஸ்டில், வெள்ளம் 9 மதகுகளைக் கொண்டுபோயிற்று. அன்றும் பாறைக்கற்களையும் மணல்மூட்டைகளையும் இட்டே உடைப்பைத் தற்காலிகமாக அடைத்தனர். எத்துணைப் பழுத்த கட்டுமானமும் கவனிப்பை வேண்டி நிற்கிறது என்பதற்கு இது சான்று. ஆற்றுமணலை வரைமுறையின்றி அள்ளினால் ஆற்றின் தளம் தாழ்ந்து, அடிக்கால் வெளிப்பட்டு, நன்கு அடுக்கிய கல்லும் சரியும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஒரு கரையில் கல்லைக் கண்டபடி நீட்டினால், நீரின் வேகம் எதிர்க்கரையையோ கீழுள்ள கரையையோ தாக்கக்கூடும். நம் வயலைக் காக்கும் கல், அயலான் வயலுக்கு இடியாகலாம். ஆகையால்தான் கரை காத்தல் தனி மனிதன் வேலையன்று. இரு கரையாரும் கலந்து செய்யும் ஊர்ப்பணி. குடிமராமத்து என்று நம் முன்னோர் ஊர்கூடி நீர்நிலைகளைப் பேணியதன் பொருளும் இதுவே.

மணல் நாட்டில் பிறந்தது நம் குற்றமன்று. அடிக்காலைப் பாராதிருப்பதே குற்றம். குடும்பத்திலும் மேற்பரப்புப் பசுமையாயிருக்க, அடியில் அன்பும் செபமும் கரைந்துகொண்டிருக்கக்கூடும். நாள்தோறும் ஒரு கல்லாக இடுவோம். முதலில் இட்டவை அமிழ்ந்து மறைந்தாலும் மனந்தளர வேண்டா. வீட்டைத் தாங்குவன அவையே.