தண்ணீர் கேட்காத செடி

சோழ நாட்டில் பிரியத்தைக் காட்ட ஒரே வழிதான் உண்டு: தண்ணீர் விடுவது. கோயிலுக்குச் சமமாகக் குளத்துக்கும் ஐந்து வேலி ஒதுக்கிய திருவாரூரில், ஒருத்தி மொட்டைமாடியில் கள்ளித் தோட்டம் போட்டிருக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அந்த ஒருத்தி என் அத்தை. "முள்செடி வீட்டுக்கு ஆகாது" என்று அடுத்த வீட்டு மாமி சொல்லிப் பார்த்துவிட்டாள். அத்தை அசைகிற வழியாக இல்லை.

நம் சதுரக்கள்ளி, திருகுகள்ளியெல்லாம் வேறு ஜாதி; ஒடித்தால் பால் வடியும். அத்தையின் செடிகள் அமெரிக்கக் கண்டத்து வம்சம். பால் கிடையாது, முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் சிறு திட்டு இருக்கும். அந்த வம்சத்துச் சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் நம் மேட்டு நிலங்களை வளைத்துக் கொண்டது. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் வேர்விட்டது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்த ஒரு பூச்சிதான் அதைத் தின்று அடக்கிற்று.

வெட்டுக்கு அஞ்சாத அந்த வம்சம், நம் ஊரில் தினம் ஒரு சொம்புத் தண்ணீரில் அழுகிப் போகும்! காவிரியின் களிமண் அதற்கு விஷம். அத்தை ஆற்றுமணலும் செங்கல் ஜல்லியும் கொஞ்சம் மக்கிய எருவும் கலந்து, அடியில் துளையிட்ட மண்சட்டிகளில் வைத்திருக்கிறாள். தூண்போல் வளர்வது பின்வரிசை, பந்துபோல் உருண்டிருப்பது முன்வரிசை, மேலே கூழாங்கல். சட்டி மண் அடிவரை காய்ந்தால்தான் தண்ணீர். ஐப்பசி பிறந்தால் எல்லாம் தாழ்வாரத்துக்கு இறங்கிவிடும்.

இத்தனை கட்டுப்பாடு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஜூன் 12 என்றால் மேட்டூர் திறக்கும் நாள். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அத்தை பேப்பரில் அணையின் நீர்மட்டம் பார்ப்பாள். குறுவை இல்லை என்று பேப்பரை மடித்து வைப்பாள். கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாள். 2020-இல் அணை அதே தேதியில் திறந்தபோது, வயலில் இறங்க அவளுக்குக் கால் இல்லை, முழங்கால் வலி.

போன மாசம் உருண்டைக் கள்ளி ஒன்று பூத்திருந்தது. மாமியும் மாடியேறி வந்து பார்த்தாள்.

"தண்ணீரே விடாமல் எப்படிடி பூத்தது?"

"அது மேட்டூரை நம்பியா இருக்கு?" என்றாள் அத்தை.