தேக்காவில் ஒரு சம்மனசு

“உங்க கதையில வர்ற பாட்டி எங்க ஆளு இல்லையே” என்றார் ஓர் ஆன்ட்டி. சிங்கப்பூர்த் தேக்கா உணவங்காடியில் என் குறுநாவலின் தாள்கள் அவர் மடியில் இருந்தன. தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. “1911ல ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குப் போற கிழவி ‘தேவதூதன்’னு சொல்லியிருக்க மாட்டா. எங்க ஆயா கடைசிவரைக்கும் ‘சம்மனசு’ன்னுதான் சொன்னாங்க.”

நான் மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவன். எங்களுக்குத் தேவதூதன், பரிசுத்த ஆவி, ஆராதனை. பழைய கத்தோலிக்க வீடுகளில் சம்மனசு, இஸ்பிரீத்து சாந்து, பூசை. என் கதையில் விண்ணிலிருந்து இறங்கும் ஒருவரை நம்பிவிட்ட வாசகர், அவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்ற இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார்.

கிறிஸ்தவ மிகுபுனைவும் அறிவியல் புனைகதையும் எழுத விரும்பும் இளையவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்த இணையதளம் உதவும்?” அமெரிக்காவில் இந்த வகை எழுத்துக்கென்றே லோர்ஹேவன் போன்ற தளங்கள் இருக்கின்றன, வேறு நாட்டவர் என்ன எழுதுகிறார்கள் என்று அறிய அவற்றைப் பார்ப்பேன். ஆனால் தினமும் நான் திறப்பவை கதை எழுதக் கற்றுத்தரும் தளங்கள் அல்ல, என் கதையை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவை.

முதலாவது, சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளேட்டுத் தளமான நியூஸ்பேப்பர் எஸ்ஜி. என் குறுநாவலின் விதை அங்கேதான் கிடைத்தது. 1911 மார்ச் 16 அன்று, ஃபேரர் பார்க் பழைய பந்தயத் திடலிலிருந்து பெல்ஜியக்காரர் ஜோசஃப் கிறிஸ்டியன்ஸ் விமானம் ஓட்டினார். சிங்கப்பூர் வானில் பறந்த முதல் விமானம் அது. எருமைச் சாலையில் பால் விற்கும் ஒரு கிழவி அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? அன்று இரவே உண்மையிலேயே ஒரு சம்மனசு இறங்கினால்? கதை அப்படித் தொடங்கியது. இந்தத் தளத்தில் தேடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாளேடுகளில் நம்மவரைத் தேட ‘தமிழர்’ என்று மட்டும் போட்டால் பாதி செய்தி நழுவிவிடும். இன்று வசவாகிப்போன ‘கிளிங்’ என்ற சொல்லையும் போட்டுப் பார்க்க வேண்டும். கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பும் கதைக்குத் தேவை.

அதோடு சேர்த்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய வரைபடத் தொகுப்பு. குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது; ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் இங்கே நின்றுவிட்டது. கிழவி எந்தப் பக்கம் திரும்பினால் திடல் தெரியும் என்பதை இன்றைய தெருவில் நடந்து கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, அகராதிகள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் ஃபப்ரீசியுஸ், வின்சுலோ, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் மிஷனரிகள் தொகுத்தவை. ஆன்ட்டி திருத்திய பிறகு, என் பாத்திரங்கள் பேசும் ஒவ்வொரு சமயச் சொல்லையும் அங்கே தேடிப் பார்க்காமல் விடுவதில்லை.

மூன்றாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். என் முதல் முயற்சிகளில் பாத்திரங்களுக்கெல்லாம் ஆங்கில வாடை அடிக்கும் பெயர்கள். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியைத் திறந்தபோது வெட்கமாக இருந்தது. யோசேப்பு அதில் வளன். திருமுழுக்கு யோவான் கருணையன். இத்தாலியிலிருந்து வந்தவர் 3,615 பாடல்களில் யூதேயாவுக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ் நிலமும் கொடுத்திருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் ‘மோட்சப் பயண’த்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாக்கினார். இன்று மிகுபுனைவுக்காரர்கள் ‘உலகம் படைத்தல்’ என்று பெரிதாகப் பேசுவதை நம் காப்பியக்காரர்கள் நாட்டுப்படலம், நகரப்படலம் என்று முதலிலேயே முடித்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று சொல்வதானால், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜார்ஜ் மெக்டொனால்டின் ‘ஃபான்டாஸ்டிஸ்’, 1858. சி. எஸ். லூயிஸ் பதினேழு வயதில் ரயில் நிலையத்தில் வாங்கிப் படித்த புத்தகம். லூயிஸின் நார்னியாக் கதைகளுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

கடைசியாக, ஸ்டெல்லேரியம். எந்த ஊர், எந்த நாள், எந்த மணி என்று சொன்னால் அன்றைய வானத்தைத் திரையில் விரிக்கும் இலவச மென்பொருள். பெத்லகேம் நட்சத்திரத்தோடு கெப்ளர் இணைத்துப் பேசிய, கி.மு. 7இல் வியாழனும் சனியும் நெருங்கிவந்த காட்சியை அதில் பார்க்கலாம். ஆனால் ஆண்டை −7 என்று போடக்கூடாது. வானியல் கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு என்பதால் −6 என்று போட வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கதையில் சம்மனசு இறங்குவது மார்ச் 16 நள்ளிரவு. “கும்மிருட்டு. நிலா இல்லை” என்று எழுதியிருந்தேன். ஸ்டெல்லேரியத்தில் பார்த்தால், பௌர்ணமி கழிந்து ஒரே நாள்! சம்மனசு ஒளிந்துகொள்ள இருட்டே கிடையாது. மூன்று நாள் எரிச்சலோடு திரிந்தேன். பிறகு அந்த அதிகாரத்தை முழுக்க அடித்துவிட்டு எழுதினேன். இப்போது சம்மனசு நிலா வெளிச்சத்தில், எருமைகளுக்கு நடுவே, மறைய இடமில்லாமல் நிற்கிறது. கிழவி அதைப் பார்த்துப் பயப்படவில்லை. பாவம், குளிருமே என்று சாக்கு எடுத்து வருகிறாள். இருட்டில் இப்படி ஒரு காட்சி எனக்குத் தோன்றியிருக்காது.

திருத்திய தாள்களை அதே மேசையில் ஆன்ட்டியிடம் கொடுத்தேன். படித்து முடித்தார். வானத்திலிருந்து ஒருவர் இறங்கியதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

“சம்மனசு சரி. அந்தக் காலத்துல பால் எத்தனை மணிக்குக் கறப்பாங்க? இந்தக் கிழவி நடுராத்திரியில கறக்குறாளே.”

வீட்டுக்கு வந்து மறுபடியும் பழைய நாளேடுகளைத் திறந்தேன்.