இரண்டு ஊர், இரண்டு சைக்கிள்

விழுப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில் பிரயாணிகளைக் கேட்டால், "ஜங்ஷன்! நடுநிசியில் காபி, டீ என்று கத்தி எழுப்பிவிடுவார்களே!" என்பார்கள். சினிமா ரசிகர்களோ, 1928-ல் சிவாஜி கணேசன் பிறந்த ஊர் என்று பெருமையோடு சொல்வார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் பறக்கிறவர்களுக்கு அது வெறும் பெயர்ப் பலகை. புறவழிச் சாலையில் அதைக் கண் கொட்டுவதற்குள் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நான் வேறொன்று சொல்வேன். விழுப்புரம் என்றால் எனக்கு இனிமேல் சைக்கிள் மணிதான்.

"குடும்பப் பெண்கள் கடைக்கும் வேலைக்கும் தினப்படி சைக்கிளில் போய்வருவது இந்தக் காலத்தில் நடக்கக்கூடிய காரியமா? ஒரு வாரம் இருந்து பார்த்து எழுது" என்று ஆசிரியர் உத்தரவு போட்டார். விழுப்புரத்தில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். ஊருக்கு வெளியே, புறவழிச் சாலைக்கும் அப்பால் புதிதாக முளைத்த குடியிருப்பில் வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

வந்த காரணத்தைச் சொன்னதும் அத்தை முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "என்னடி இது கூத்து? முப்பத்தஞ்சு வயசுல சைக்கிளா? உங்க மாமா இருந்தவரைக்கும் சைக்கிளைக் கீழே வச்சதில்லை. முன்னாடி பார்ல ஒரு பிள்ளை, பின்னாடி கேரியர்ல நான், என் மடியில ஒரு பிள்ளை. ஆனா நான் மிதிச்சேனா? மிதிக்கணும்னு தோணினதுகூட இல்லை!" என்றாள். கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது.

விழுப்புரம் சைக்கிளுக்கென்றே தட்டிப் போட்ட ஊர். மேடு பள்ளமே கிடையாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் போகாது. நிதானமாக மிதித்தாலே மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் போகலாம். ஆக, காய்கறிக் கடையோ பள்ளிக்கூடமோ ரயில்வே ஸ்டேஷனோ, எதுவும் கால் மணி, இருபது நிமிஷப் பாடுதான். அதே தூரத்துக்கு நடப்பதில் செலவாகும் சக்தியில் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்குச் செலவாகும். ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், எது சிரமம் என்று தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை உண்டு. மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு தருவார்கள். நம்மில் பாதிப் பேர் முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு பழகியது அந்த வாடகை வண்டிகளில்தான். இன்று அந்தக் கடைகள் அநேகமாக மறைந்துவிட்டன. பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவர் மனமிரங்கி, கடையில் சும்மா நின்ற பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்தினார்.

"பொம்பளைங்க எல்லாரும் சீட்டை இறக்கு இறக்குன்னுதான் கேப்பாங்கம்மா. இறக்கினா முட்டி வலிக்கும். அப்புறம் சைக்கிளே ஆகாதுன்னு மூலையில போட்டுடுவாங்க. குதிகாலைப் பெடல்ல வச்சா கால் நேரா நீளணும், அதுதான் கணக்கு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். டயரில் காற்றுக் குறைந்தால் மிதிப்பது கல்லுரலை இழுப்பது போல இருக்கும் என்பதையும், பின் சக்கரத்தின் வலை பிய்ந்திருந்தால் புடவைத் தலைப்புக்கு ஆபத்து என்பதையும், செயினுக்கு மூடி இல்லாத வண்டியைப் புடவைக்காரர்கள் தொடவே கூடாது என்பதையும் அவரே சொல்லித் தந்தார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டுப் போடும் வித்தையை நான் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். காயவிடாமல் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பாம்.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். உத்தியோகம் திண்டிவனத்தில், குடித்தனம் விழுப்புரத்தில். நடுவே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அவர் தினமும் சைக்கிளில்தான் போகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. "நாற்பது கிலோமீட்டரா!"

"ஐயோ, அவ்வளவும் மிதிக்கிறதில்லைங்க! எனக்கு ரெண்டு சைக்கிள்" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். விழுப்புரம் சைக்கிளை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் காலை ரயிலில் ஏறுகிறார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று போய்த் திண்டிவனத்தில் இறங்கினால், அங்கே ஸ்டாண்டில் இன்னொரு சைக்கிள் காத்திருக்கிறது! மாலையில் இதே கதை தலைகீழாக. முன்பு வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர், அங்கே ஆட்டோ. 2021-ல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மறு வாரமே ஸ்கூட்டர் வீட்டுக்காரர் வசம் போய்விட்டது. பழைய சைக்கிள் இரண்டும் சேர்ந்து ஸ்கூட்டரின் சில மாதப் பெட்ரோல் செலவுக்குள் அடங்கிவிட்டன என்றார்.

நானும் ஒருநாள் அவரோடு போனேன். திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனத்திலிருந்து, அதாவது புளியங்காட்டிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் புளிய மரங்கள் சாலையின் இருமருங்கிலும் கைகோத்து நிழல் தந்தது ஒரு காலம். சாலை நாலு வழியாக அகன்றபோது நிழல் குறுகிவிட்டது. காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைத் தட்டுகிறது. ஆகவே, டீச்சரைப் போல ஒரு தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஊருக்குள் கிடங்கல் என்ற பகுதி இருக்கிறது. சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. சிறுபாணாற்றுப்படையில், கால் தேய நடந்து வரும் பாணனுக்கு அவன் உணவும் உடையும் கொடுத்ததோடு, காளையும் ஓட்டுவதற்கு ஆளும் சேர்த்து வண்டியும் கொடுத்து அனுப்புகிறான். ஏழைக்கு வாகனம் கொடுத்த வள்ளலின் ஊர்! டீச்சரிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்டுக்கும் ஒரு வண்டி இலவசமா வந்திருக்குதுங்க. அதை என்ன பண்றதுன்னுதான் தெரியலை" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருக்கு ஒரு பெண். அரசுப் பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு. தமிழ்நாட்டில் 2001-ல் ஆதி திராவிட மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிந்தது. அப்படி வந்த புத்தம் புது சைக்கிள், உறை கூடப் பிரிக்காமல் திண்ணையில் நிற்கிறது. பெண் தினமும் அதைத் துடைக்கிறாளே ஒழிய, ஏறிப் போக உத்தரவு இல்லை. ஆட்டோவில்தான் பள்ளிக்கூடம்.

காரணம் அந்த நாலு வழிச் சாலை. லாரியும் பஸ்ஸும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற சாலை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே படுத்திருக்கிறது. நடுத்திட்டில் திறப்பு வெகு தூரத்தில். அவ்வளவு தூரம் போய்த் திரும்ப யாருக்குப் பொறுமை? பால்காரர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சாலை ஓரமாக எதிர்த் திசையிலேயே மிதித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சாலை போட்டவர்கள் காரில் போகிறவரின் ஐந்து நிமிஷத்தை எண்ணினார்கள். சைக்கிளில் போகிறவரின் அரைமணியை எண்ணவில்லை. என் அபிப்பிராயம் இது.

"நான் மட்டும் போகலாம், அவ போகக்கூடாதான்னு கேக்கறா. என்னங்க பதில் சொல்றது?" என்றார் டீச்சர். அவர் தாமே சைக்கிள் கற்றுக்கொண்டது புதுக்கோட்டையில், சிறுமியாக இருந்தபோது, அவருடைய அம்மாவோடு சேர்ந்து! அறிவொளி இயக்கம் நடந்த நாட்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்கும் பெண்கள் சைக்கிளும் கற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலமாகப் புதுக்கோட்டைக்குள் வந்தபோது, ஊரே வாயடைத்து நின்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிய பெண்கள் பலர். பிள்ளையை உட்காரவைக்க முன் பார் வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு, கணவனையோ பஸ்ஸையோ எதிர்பார்க்காமல் அவர்கள் போய்வந்தார்கள்.

"எங்கம்மாவுக்குக் கையெழுத்து மறந்து போச்சுங்க. சைக்கிள் மறக்கலை" என்றார் டீச்சர்.

அப்படிப்பட்டவரின் மகள் திண்ணையில் நிற்கும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பதா? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் மூவரும் வழி தேடக் கிளம்பினோம். சாலைக்கு இந்தப் புறமாகவே அணுகுசாலையில் போய், அடியில் செல்லும் பாதையில் நுழைந்து, சந்து பொந்தாகப் பள்ளிக்குப் போக ஒரு வழி அகப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று. ஏழெட்டு நிமிஷம் கூடுதல். பெரிய சாலையில் சக்கரம் படவே வேண்டாம். ஒரே குறை, மழை பெய்தால் அந்த அடிப்பாதை குளமாகிவிடுமாம். அன்றைக்கு ஆட்டோ என்று முடிவாயிற்று.

திரும்பி வந்து டீச்சர் நிபந்தனைகள் போட்டார். பின்னால் சிவப்பு மினுக்குக் கண்ணாடி இரண்டு. பையைத் தோளில் மாட்டாமல் கேரியரில் கட்டுவது. காதில் பாட்டு கூடாது. லாரி தெரிந்தால் இறங்கி நிற்பது. பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சாலையில பாப்பா போறது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்குத் தெரியாது. அந்த உறையை முதல்ல பிரிங்க, அசிங்கமா இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை டீச்சருக்கு ரயில் முன்னாலேயே. மகள் புறப்படுவதைப் பார்க்க முடியாது. அன்றும் நான் கூடப் போயிருந்தேன். மயிலம் தாண்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் இறங்கினதும் முதல் வேலையாகப் போனை எடுத்தார். மறுமுனையில் அத்தையின் குரல் எனக்கே கேட்டது.

"தெருக்கோடி வரைக்கும் பின்னாலேயே போனேன். அடிப்பாதையில இறங்கினா, அந்தப் பக்கம் ஏறி மணி அடிச்சா. நீ போய்ப் பாடத்தை நடத்தும்மா."

டீச்சர் ஸ்டாண்டுக்குப் போய் இரண்டாவது சைக்கிளின் பூட்டைத் திறந்தார்.