மூட்டு தேய்ந்தது சரி, வலியைக் கூட்டுவது எது?

1/ வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் நாற்று நட்டு, களை எடுத்தே காலம் போன அம்மாக்கள் பலர் ஓ.பி.யில் முதலில் நீட்டுவது எக்ஸ்ரே கவரைத்தான். "முட்டி தேஞ்சு போச்சாம் டாக்டர், இனி ஒண்ணும் செய்ய முடியாதாம்." இது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்த த்ரெட்.

2/ எலும்பு முனையில் வழவழன்னு இருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. தேய்வது நேரடியாக வலிக்காது. நரம்பு இருப்பது அதற்குக் கீழே உள்ள எலும்பில், மூட்டுச் சவ்வில், சுற்றியுள்ள உறையில். அங்கே அழற்சியும் அழுத்தமும் வரும்போதுதான் வலி கிளம்புது.

3/ அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் பல நேரம் ஒத்துப்போறதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டோடு வயல் வேலைக்குப் போறவங்களும் உண்டு. லேசான தேய்மானத்தோடு ராத்திரி தூங்க முடியாதவங்களும் உண்டு. அவங்க நடிக்கலை.

4/ அழற்சி உள்ள மூட்டில் 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்ற புரதம் கூடும். (இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி 1986-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) அது நரம்பு முனைகளை உசுப்பி விடும். முன்பு வலிக்காத படி ஏறுவதும் சம்மணம் போடுவதும் இப்போ வலிக்கும்.

5/ மாதக்கணக்கில் வலிச் சேதி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மாறும். கோயில் பொங்கலுக்குக் கட்டின மைக்செட்டை நினைச்சுக்கோங்க. பாடுறவர் குரல் அதேதான். வால்யூமைத் திருகினால் ஊரே முழிச்சுக்கும். முட்டியைத் தாண்டி தொடை, கெண்டைக்கால் வரை வலி பரவ இதுவும் ஒரு காரணம்.

6/ வலியைக் குறைக்கும் பிரேக்கும் மூளையிடம் இருக்கு. தூக்கமின்மை, கவலை, மனச்சோர்வு வந்தால் அந்த பிரேக் தளரும். அதுக்காக "வலி உன் மனசுலதான்"னு அர்த்தம் இல்லை. வலி நிஜம்.

7/ அப்போ அந்தப் புரதத்தையே தடுத்தால்? டானெசுமாப் என்ற ஊசி மருந்தில் அதைத்தான் செய்தார்கள். வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-ல் கைவிட்டார்கள். வலி காவல்காரனும்கூட. அவன் வாயைக் கட்டக் கூடாது, சத்தத்தைத்தான் குறைக்கணும்.

8/ எப்படி? முதல் மருந்து அசைவு. வலிக்குதேன்னு உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை மெலியும், மூட்டுக்குப் பாரம் கூடும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 நொடி நிறுத்துங்க. காலுக்கு 10 தடவை. தினமும் முடிந்த அளவு நடங்க. அளவான நடை மூட்டைத் தேய்க்காது.

9/ எடையைக் குறைப்பதும் தூக்கத்தைச் சரிசெய்வதும் சிகிச்சைதான். டாக்டர் சிலருக்கு டுலோக்செட்டின் எழுதலாம். "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே"ன்னு பயந்து நிறுத்தாதீங்க. நரம்பின் வால்யூமைக் குறைக்கவும் அது உதவும்.

10/ மெடிக்கலில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடாதீங்க. வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். சர்க்கரை, பிரஷர் உள்ளவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

11/ மூட்டு திடீர்னு சிவந்து, சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

12/ நடக்க முடியாதவங்க வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை தர 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

13/ கடைசியா, பிள்ளைகளுக்கு. அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழும்போது "வயசானா அப்படித்தான்"னு சொல்லிடாதீங்க. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆனா வலி குறையும். சாயங்காலம் கூட ஒரு பத்து நிமிஷம் நடங்க.