ஒத்தடமும் ஒரு கொப்புளமும்

2022ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தில் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு மருத்துவர் பணித்தார். கடையில் அமர்ந்தே காலம் கழித்த நான், ஆர்வ மிகுதியால் முதல் நாளே சுப்ஹுத் தொழுகைக்குப்பின் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டேன். மறுநாள் ஸஜ்தாவிலிருந்து எழ இயலவில்லை. கெண்டைக்கால்கள் கல்லாய் இறுகிக் கிடந்தன.

அன்பு வாசகர்களே, உங்களுக்கும் இது நேர்ந்திருக்கலாம். பழக்கமற்ற உழைப்பால் தசை இழைகளில் உண்டாகும் நுண்ணிய சிதைவே இதற்குக் காரணம். இவ்வலி 2, 3 நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானே தணியும். வெப்பம் இரத்தக் குழாய்களை விரியச் செய்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. நம் மூத்தோர் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்ததன் பயன் இதுவே. என் மனைவியும் அவ்வாறே செய்தார். அல்ஹம்துலில்லாஹ், வலி குறைந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அடுத்த இரவு வெந்நீர்ப் பையைப் பாதங்களுக்கடியில் வைத்தேன். சூடு உறைக்கவில்லை. இன்னும் சூடாக ஊற்றச் சொல்லி, அப்படியே உறங்கிவிட்டேன். விடியலில் உளூச் செய்கையில் இடப் பாதத்தில் பெரிய கொப்புளம்!

புண் ஆற ஏழு வாரங்களாயின. ரமளான் முழுவதும் தராவீஹுக்குப் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை; பெருநாள் தொழுகையும் தவறிப்போயிற்று. “சர்க்கரை உங்கள் நரம்புகளை நலிவித்துள்ளது. புண் இன்னும் ஆழமாகியிருந்தால் விரலையே எடுக்க நேர்ந்திருக்கும், பாய்” என்றார் மருத்துவர்.

ஒத்தடம் வேண்டாமென்று நான் கூறவில்லை. துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடங்கள் மட்டும் கொடுங்கள். வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். சுளுக்கி வீங்கிய இடத்திற்கு முதல் இரு நாட்கள் சூடு ஆகாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சிவப்பும் தோன்றினால் உடனே மருத்துவரை நாடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களோ பாதங்களுக்குச் சூடு வைக்கவே வேண்டாம்.

இன்று நான் அரைமணி நேரமே நடக்கிறேன். இரவில் உறங்குமுன் மனைவி என் உள்ளங்கால்களைப் பார்த்த பின்னரே விளக்கை அணைக்கிறார். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் உணராத இடத்தையும் பேணுவது நம் கடமையன்றோ?