கேமராவுக்கு முன்னால் காது

சினிமா கற்றுக்கொள்ள வருகிறவன் கேமராவுக்குப் பக்கத்தில்தான் நிற்கப் பார்ப்பான். நானும் அந்த ஆசையோடுதான் ஒரு சின்னப் படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். இயக்குநரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கையில் கொடுத்தது ஹெட்ஃபோன். "கொஞ்ச நாளைக்கு சவுண்டு கூடவே நில்லு தம்பி. பார்க்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

கதை சிவகங்கைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடக்கிறது. டப்பிங் கிடையாது, முழுக்க சிங்க் சவுண்டு. நடிக்கும்போது என்ன பேசுகிறார்களோ அதுதான் தியேட்டரிலும் கேட்கும். எங்களிடம் இருந்தவை ஒரு பூம் மைக்கும் சட்டைக்குள் ஒட்டுகிற சின்ன மைக்குகளும். டேக் போகுமுன் தெருவுக்குள் ஓடி, பம்புசெட்டையும் கிரைண்டரையும் காதுகுத்து வீட்டு ரேடியோ செட்டையும் நிறுத்தச் சொல்வது என் வேலை. "அக்கா, ஒரு பத்து நிமிஷம் கிரைண்டரை நிறுத்திக்கிறீங்களா?" கரண்ட் போவதற்குள் மாவாட்டி முடிக்க வேண்டியவரிடம் இதைக் கேட்பது லேசான காரியமில்லை. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் ஊரோடு பேச்சு உண்டானது. எந்த வீட்டுப் பையன் திருப்பூரில் இருக்கிறான், எந்தப் புஞ்சை விலைக்குப் பேசி நிற்கிறது என்பதெல்லாம் அப்படித் தெரிந்தவைதான். அண்ணன் என்னைத் தெருவுக்குள் அனுப்பியதே இதற்காகத்தான் என்று இப்போது நம்புகிறேன்.

ஒரு இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் ரூம் டோன் எடுப்போம். மொத்த யூனிட்டும் அசையாமல் நிற்க, அந்த இடம் சும்மா இருக்கும்போது என்ன சத்தம் போடுகிறதோ அதைப் பதிவு செய்வோம். எடிட்டிங்கில் வசனத்தை வெட்டினால் அங்கே ஒலி அப்படியே செத்துப்போகும், அந்த ஓட்டையை அடைக்க இதுதான் வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஓட்டு வீடு ஒரு மாதிரி இருக்கும், தகரக் கூரை வேறு மாதிரி. மத்தியான வெயிலில் தகரம் விட்டுவிட்டுப் படபடக்கும்.

கதை சொல்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அப்பத்தா காட்சியில். ஊர்க்காரர், நடிப்பெல்லாம் தெரியாது. வெளியூரில் இருக்கும் மகன் பத்திரத்தில் கைநாட்டு வாங்க வருகிறான். அப்பத்தாவுக்கு மண்ணைப் பற்றி நாலு வரி வசனம், படிக்கும்போதே எங்களுக்குத் தொண்டை அடைத்த வசனம். அப்பத்தா கேட்டுவிட்டு, "இதையெல்லாம் பெத்த பிள்ளைகிட்ட யாராச்சும் பேசுவாகளா?" என்றார். அண்ணன் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க என்ன பேசுவீக அப்பத்தா?" என்று மட்டும் கேட்டார். கேமரா ஓடியது. அப்பத்தா மகனைப் பார்த்து, "எந்த வண்டில வந்த, காளையார்கோயில் வண்டியா?" என்றார். முந்தானையில் பெருவிரலைத் துடைத்துக்கொண்டு, மை தொட்டு வைத்தார். பிறகு விரலில் மிச்சமிருந்த மையை, யாரும் சொல்லாமலே, தன் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். கைநாட்டு வைத்த கிழவிகளுக்கெல்லாம் இருக்கும் பழக்கம். அதை எந்த எழுத்தாளர் எழுதித் தந்திருப்பார்? கன்டினியூட்டி நோட்டில் "மை, வலது காதோரம்" என்று நான் எழுதியதும், அடுத்த ஷாட்டில் அந்த மை அதே இடத்தில் இருக்கிறதா என்று அண்ணன் இரண்டு முறை சரிபார்த்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

எடிட்டிங் தனிப் பள்ளிக்கூடம். ரஃப் கட்டை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று, படம் எப்படி என்று அண்ணன் யாரையும் கேட்கவில்லை. எந்த இடத்தில் செல்போனை எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்த இடங்களெல்லாம் அடுத்த கட்டில் இல்லை. விடியற்காலைக் கண்மாய் ஷாட்டும் அதில் போனது.

பணம் தீர்ந்ததும் இங்கேதான். சுயாதீனப் படங்கள் பலவும் படப்பிடிப்பில் நிற்பதில்லை. கடன் வாங்கி, நகையை வைத்து எப்படியோ எடுத்துவிடுகிறார்கள். கலர் கிரேடிங்குக்கும் ஒலிக்கலவைக்கும் வரும்போது கை வறண்டுவிடுகிறது, படம் ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது. உதவ நினைப்பவர்கள் தேடி வரவேண்டிய கட்டம் இது. கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்.எஃப்.டி.சி.) 2007இல் தொடங்கிய ஃபிலிம் பஜாரில், முடியாத படங்களை அனுபவசாலிகள் பார்த்து யோசனை சொல்வதற்கென்றே ஒரு பட்டறை உண்டு. அதன் அருமை எடிட்டிங் அறையில் தவித்தவர்களுக்குத் தெரியும். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அவருடைய சகோதரிக்கு நேர்ந்ததிலிருந்து பிறந்த கதை. வெயிலும் நடையும்தான் படம். விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் அதன் தயாரிப்பாளர்களாக நின்றார்கள். 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. வசதியுள்ளவர்கள் கதையில் கை வைக்காமல் துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது.

வசதியுள்ளவர்தான் வரவேண்டும் என்றும் இல்லை. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற குழுவாக நண்பர்களோடு சேர்ந்து, ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார். 1986இல் முடிந்த படத்தை அதே ஜனங்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும்.

எங்கள் படத்துக்கும் கடைசியில் ஒலிக்கலவைக்கு ஒரு வழி பிறந்தது. ஸ்டுடியோவில் இருந்த ஒருவர் பழக்கத்துக்காக இரவு நேரத்தை விட்டுக்கொடுத்தார். ஊருக்குத் திரையைக் கொண்டுபோய்க் கட்டினோம். அப்பத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் காட்சி வந்தபோது பக்கத்திலிருந்தவளிடம், "பொய்யாப் பேசல பாரு" என்றார்.

இப்போது சொந்தமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேனிப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களைப் பற்றியது. வசனம் இன்னும் எழுதவில்லை. அதற்கு முன்னால் அந்த ஜீப்பில் போக வேண்டும், அவர்கள் கேட்டுக்கொண்டால் சுமையும் தூக்க வேண்டும். பட்ஜெட் தாளில் முதல் வரியாக ஒலிப்பதிவையும், இரண்டாவது வரியாக ஒலிக்கலவையையும் எழுதியிருக்கிறேன். கேமரா வாடகை மூன்றாவது வரியில்.